சொந்த ஊரில் 74,404 பேர், தேசியப் பட்டியலில் 33-வது இடம்: மைக்கேல் ஸ்டான்லி பேண்டின் கணக்கு

1982 ஆகஸ்ட் 25, 26, 30, 31 ஆகிய நான்கு இரவுகளிலும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள பிளாசம் என்ற திறந்தவெளி அரங்கில் ஒரே பேண்ட் (இசைக்குழு) வாசித்தது. கிளீவ்லாந்து, ஆக்ரன் நகரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த அரங்குக்கு நான்கு இரவிலும் வந்தவர்கள் மொத்தம் 74,404 பேர். மைக்கேல் ஸ்டான்லி பேண்ட் என்ற அந்தக் குழுவின் பாடல் ஒன்று அமெரிக்காவின் தேசியப் பாடல் பட்டியலில் எட்டிய மிக உயர்ந்த இடம் 33. அதற்கு மேல் அவர்கள் ஏறவே இல்லை.

2021 மார்ச் 5 அன்று, 72 வயதில், நுரையீரல் புற்றுநோயால் குழுவின் தலைவர் ஸ்டான்லி இறந்தபோது பலருக்கும் இந்தக் குழப்பம் மறுபடி வந்தது. வடகிழக்கு ஒஹாயோவுக்கு அது வீட்டுத் துக்கம். நாட்டின் மற்ற பகுதிகளில் பலருக்கும் பெயரே புதிது. இத்தனை பெரிய கூட்டம் வைத்திருந்தவர் ஏன் நாடறிந்த நட்சத்திரம் ஆகவில்லை? "அவ்வளவுதான் திறமை" என்பார்கள் சிலர். "ரெக்கார்டு கம்பெனிகள் கைவிட்டுவிட்டன" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே யோசிக்கச் சோம்பல்பட்டவர்களின் பதில்கள். அன்றைய அமெரிக்க இசை வணிகம் எப்படி ஓடியது என்று பார்த்தால், இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பது தெரியும்.

## வட்டார பேண்ட் என்பது யாரை?

உள்ளூர் மதுக்கூடத்தில் அடுத்தவர் பாடல்களை வாசிக்கும் குழுவை வட்டார பேண்ட் என்று சொல்வதில்லை. அமெரிக்க ராக் இசை வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு ஓரளவு தெளிவான பொருள் உண்டு.

1. சொந்தப் பாடல்களை எழுதி, பெரிய ரெக்கார்டு கம்பெனிகளில் ஆல்பம் வெளியிட்டிருப்பார்கள்.
2. ஒன்றிரண்டு நகரங்களில் பெரிய அரங்கை அவர்கள் பெயரே நிரப்பும். வெளியே போனால் வேறொரு பெரிய பேண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிப்பார்கள்.
3. வருமானத்தின் பெரும்பகுதி கச்சேரி டிக்கெட்டில் இருந்து வரும், இசைத்தட்டில் இருந்து அல்ல.

இங்கே 'மார்க்கெட்' என்ற சொல்லையும் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க வானொலித் துறையில் ஒரு நகரமும் அதன் அலைவரிசை எட்டும் சுற்றுப்புறமும் சேர்ந்தது ஒரு மார்க்கெட். நாடு இப்படி நூற்றுக்கணக்கான மார்க்கெட்டுகளாகப் பிரிந்து கிடந்தது. கிளீவ்லாந்து, ஆக்ரன் சுற்றுவட்டாரத்தில் 1980-ல் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு பேண்டை வாழவைக்க அது போதும். ஆனால் அமெரிக்காவின் அன்றைய மக்கள்தொகையான சுமார் 22.6 கோடியில் அது நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும்.

## குழு உருவான கதை, சுருக்கமாக

மைக்கேல் ஸ்டான்லி 1948-ல் பிறந்து, கிளீவ்லாந்தின் புறநகரான ராக்கி ரிவரில் வளர்ந்தவர். கல்லூரிக் காலத்தில் சில்க் என்ற குழுவில் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் தனியாக இரண்டு ஆல்பங்கள். அவற்றைத் தயாரித்த பில் சிம்சிக்தான் சில ஆண்டுகள் கழித்து ஈகிள்ஸ் குழுவுக்கு 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைத் தயாரித்தவர்.

1974-ல் கிதார் கலைஞர் ஜோனா கோஸ்லன், பேஸ் கிதார் டேனியல் பெச்சியோ, டிரம்ஸ் டாமி டோபெக் ஆகியோருடன் மைக்கேல் ஸ்டான்லி பேண்ட் உருவானது. பிறகு கீபோர்டில் பாப் பெலாண்டரும் கெவின் ராலியும் வந்தார்கள், கிதாரில் கேரி மார்காஸ்கி, சாக்ஸஃபோனில் ரிக் பெல். பதின்மூன்று ஆண்டுகளில் எபிக், அரிஸ்டா, இஎம்ஐ அமெரிக்கா என்று மூன்று பெரிய கம்பெனிகள் மாறின.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனிகள் இவர்களை மலிவாக நடத்தியதாகத் தெரியவில்லை. 1978 ஆல்பத்தின் தயாரிப்பாளர் மட் லாங்கே. அடுத்த ஆண்டே ஏசி/டிசி குழுவின் உலகப் புகழ்பெற்ற ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர். 1980-ல் வந்த 'ஹி காண்ட் லவ் யூ' பாடலில் சாக்ஸஃபோன் வாசித்தது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவைச் சேர்ந்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ். 1981 ஆகஸ்ட் 1 அன்று இசை வீடியோ தொலைக்காட்சியான எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கிய முதல் நாளிலேயே அந்தப் பாடலின் வீடியோவும் வந்தது. 33-வது இடம் பிடித்த பாடல் அதுதான். 1983-ல் 'மை டவுன்' 39-வது இடத்துக்கு வந்தது. முதல் 40 இடங்களுக்குள் வந்தவை இவை இரண்டு மட்டுமே.

## ஒரு நகரம் எப்படித் தூக்கி நிறுத்தியது

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. கிளீவ்லாந்தில் அது தலைகீழாக நடந்தது. அதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு, நான்கும் ஒரே எடையில் இல்லை.

1. வானொலி. முதல் காரணமும் பெரிய காரணமும் இதுவே. கிளீவ்லாந்தின் டபிள்யூஎம்எம்எஸ் எஃப்எம் 1970-களின் நடுவில் இருந்து அந்நகர ராக் ரசிகர்களுக்குச் செய்தித்தாள் மாதிரி ஆகிவிட்டது. எதை ஒலிபரப்புவது என்பதை நிகழ்ச்சி இயக்குநர் ஜான் கோர்மனும், கிட் லியோ போன்ற அறிவிப்பாளர்களும் உள்ளூரிலேயே முடிவு செய்தார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் போன்ற வெளியூர்க்காரர்களைக் கிளீவ்லாந்து முன்கூட்டியே தலையில் தூக்கி வைத்ததற்குக் காரணமும் இந்த நிலையம்தான். அதே ஆர்வத்தோடு அவர்கள் மைக்கேல் ஸ்டான்லி பேண்டையும் ஒலிபரப்பினார்கள், ஹிட் ஆன ஒரு பாடலை மட்டுமல்ல, ஆல்பத்தின் உள்ளே கிடந்த பாடல்களையும். அரங்கில் இருபதாயிரம் பேர் சேர்ந்து பாட வேண்டுமென்றால் எல்லாப் பாடலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் செய்தது இந்த நிலையம்.

(இந்த நிலையத்தின் பெருமைக்கு ஒரு கறையும் உண்டு. ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டு தவறாமல் சிறந்த நிலையம் என்று பெயர் வாங்கியது. வாக்குச்சீட்டுகளை நிலையத்தாரே நிரப்பி அனுப்பினார்கள் என்பதை 1988-ல் உள்ளூர் நாளிதழ் அம்பலப்படுத்தியது.)

2. கச்சேரி ஏற்பாட்டாளர். மைக், ஜூல்ஸ் பெல்கின் சகோதரர்கள் 1966-ல் தொடங்கிய பெல்கின் புரொடக்‌ஷன்ஸ்தான் அந்த வட்டாரத்தில் பெரிய கச்சேரிகளை நடத்தியது. மைக் பெல்கின் இந்த பேண்டின் மேலாளரும்கூட. குழுவை வளர்ப்பவரும் அரங்கை வாடகைக்கு எடுப்பவரும் ஒருவரே என்றால், எப்போது சிறிய இடத்தில் வாசிக்க வேண்டும், எப்போது பெரிய இடத்துக்குத் தாவ வேண்டும் என்பதைத் திட்டமிட முடியும்.

3. அரங்குகளின் படிவரிசை. அகோரா என்ற கிளப்பில் தொடக்கம். 1977-ல் வெளியான நேரலை ஆல்பம், அதாவது கச்சேரியிலேயே பதிவுசெய்த இரட்டை இசைத்தட்டு, அங்கேதான் பதிவானது. அடுத்து ரிச்ஃபீல்டு கொலிசியம் என்ற பெரிய உள்ளரங்கம். 1979 ஜூலை 20 அன்று 20,320 பேர் வந்தது அந்த அரங்கின் சாதனை. 1981 டிசம்பர் 31, 1982 ஜனவரி 1 என்று இரண்டு இரவுகள் சேர்ந்து 40,529 பேர். அதன் பிறகு பிளாசம். இந்த ஏணியில் எல்லாப் படியும் ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் இருந்தது.

4. நகரத்தின் நிலைமை. 1970-ல் ஏழரை லட்சமாக இருந்த கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 1980-ல் 5.74 லட்சமாகச் சரிந்தது. 1978 டிசம்பரில் நகராட்சி கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவறியது. 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு இந்தக் கதிக்கு வந்த முதல் பெரிய அமெரிக்க நகரம் அது. எஃகு, கார் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்குக் கிளீவ்லாந்து கேலிப் பொருள். அங்கிருந்து கிளம்பிப் போகாத ஒரு குழுவைத் தங்களில் ஒருவராக இளைஞர்கள் நினைத்ததில் வியப்பில்லை. இது என் ஊகம், அளந்து காட்ட வழியில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் இருந்து போனவர்களைப் பாருங்கள்: ஜோ வால்ஷ் கொலராடோ போய், பிறகு ஈகிள்ஸில் சேர்ந்தார். ஆக்ரனின் கிரிஸ்ஸி ஹைண்ட் லண்டன் போய் பிரிட்டெண்டர்ஸ் குழுவைத் தொடங்கினார். அதே ஆக்ரனின் டீவோ குழு லாஸ் ஏஞ்சலஸ் போனது. ஸ்டான்லி ஊரிலேயே இருந்தார்.

## தேசியப் பட்டியல் எதை அளந்தது?

பில்போர்டு இதழின் ஹாட் 100 பட்டியல் அன்று இரண்டு வகைத் தகவல்களைக் கலந்து தயாரிக்கப்பட்டது. கடைகள் சொன்ன சிங்கிள் (ஒரு பாடலுக்காகத் தனியாக விற்கும் இசைத்தட்டு) விற்பனை ஒன்று, வானொலி நிலையங்கள் சொன்ன ஒலிபரப்பு வரிசை இன்னொன்று. கணினிவழி விற்பனைக் கணக்கு 1991-ல்தான் வந்தது. அதுவரை தேர்ந்தெடுத்த நிலையங்களும் கடைகளும் வாரந்தோறும் தந்த அறிக்கைகளே ஆதாரம்.

இதில் வட்டார பேண்டுக்கு எங்கே அடி விழுகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. பட்டியலுக்கு வானொலித் தகவல் தந்தவை முக்கியமாக 'டாப் 40' நிலையங்கள், அதாவது குறைந்த எண்ணிக்கையிலான ஹிட் பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் வகை. டபிள்யூஎம்எம்எஸ் போன்ற ஆல்பம் ராக் நிலையங்களின் ஆதரவு அங்கே பெரிதாக எடுபடாது. ராக் நிலையங்களுக்கென்று பில்போர்டு தனிப்பட்டியல் தொடங்கியதே 1981 மார்ச்சில்தான்.

2. பட்டியல் வாரக் கணக்கில் நகர்கிறது. பாடல் மேலே ஏற வேண்டுமானால் நியூயார்க், சிகாகோ, டல்லாஸ், லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதை ஒலிபரப்ப வேண்டும். ஒரு நகரம் இரண்டு வருடம் விடாமல் ஒலிபரப்பினாலும் பட்டியலில் அது ஒரு நகரத்தின் குரல்தான்.

3. பல நகர நிலையங்களை ஒரே நேரத்தில் சம்மதிக்க வைக்க ரெக்கார்டு கம்பெனிகள் சுயேச்சை விளம்பரத் தரகர்களுக்குப் பெரும்பணம் கொடுத்தன. அந்தப் பணம் எந்தப் பாடலுக்குப் போகும் என்பதைக் கம்பெனியின் முன்னுரிமைப் பட்டியலே தீர்மானித்தது.

4. கடைசியாக வெறும் எண்ணிக்கை. அன்று ஒரு ஆல்பம் 'கோல்டு' தகுதி பெற 5 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். பிளாசம் வந்த 74,404 பேரும் ஆளுக்கொரு பிரதி வாங்கியிருந்தாலும் அது அந்த இலக்கில் 15 சதவீதத்தைத் தொடாது. அந்த நான்கு இரவுகளில் இரண்டு முறை வந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் குறையும்.

பட்டியல் அகலத்தை அளந்தது. இந்த பேண்டிடம் இருந்தது ஆழம். அரங்கு வாசலில் டிக்கெட் விற்பவருக்கு ஆழம் பணமாகிறது, நியூயார்க் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆல்பம் விற்பனை பார்ப்பவருக்கு ஆவதில்லை.

## கம்பெனிக் கணக்கில் ஏன் நஷ்டம்?

ரெக்கார்டு ஒப்பந்தத்தின் அடிப்படை இதுதான்: பதிவுச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் கம்பெனி முன்பணம் தரும். ஆல்பம் விற்கும்போது பேண்டுக்குச் சேர வேண்டிய ராயல்டியில் (விற்பனைப் பங்கில்) இருந்து அந்த முன்பணத்தை முதலில் கழித்துக்கொள்ளும். கழிந்து முடியும் வரை கலைஞர் கையில் காசு வராது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம் (இவர்களுடைய ஒப்பந்தத் தொகை அல்ல, புரிவதற்காக மட்டும்). முன்பணமாக 1.5 லட்சம் டாலர் வாங்கி, ஒரு பிரதிக்கு பேண்டின் பங்கு 1 டாலர் என்றால், 1.5 லட்சம் பிரதிகள் விற்ற பிறகே முதல் டாலர் கைக்கு வரும். ஒரு மார்க்கெட்டை வைத்துக்கொண்டு அந்த எண்ணை ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எட்டுவது கஷ்டம். எட்டாவிட்டால் பாக்கி அடுத்த ஆல்பத்தின் தலையில் ஏறும். இரண்டு மூன்று ஆல்பங்களுக்குள் வெளியூரில் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. மூன்று கம்பெனிகள் மாறியதன் பின்னணியை இப்படித்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு புதிய கம்பெனியும் கிளீவ்லாந்துக் கூட்டத்தைப் பார்த்தே கையெழுத்திட்டிருக்கும், இதே கூட்டத்தை இன்னும் இருபது நகரங்களில் உண்டாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில்.

கச்சேரி வருமானம் இந்தக் கணக்கிலேயே வராது. அன்றைய ஒப்பந்தங்களில் பொதுவாக அது கலைஞருக்கும் அவருடைய மேலாளருக்கும் போகும். ரெக்கார்டு கம்பெனியின் புத்தகத்தில் கடனாளியாக நிற்கும் ஒரு பேண்ட், சொந்த ஊரில் அரங்கு நிறைந்த கச்சேரி நடத்துவது இதனால்தான் சாத்தியமானது.

## சீகர் தாண்டினார், இவர்கள் தாண்டவில்லை

இதெல்லாம் தலைவிதி போலத் தோன்றினால் டெட்ராய்ட்டின் ராக் பாடகர் பாப் சீகரைப் பார்க்க வேண்டும். கிளீவ்லாந்தில் இருந்து மூன்று மணி நேரக் கார் பயணத் தூரத்தில், இதே வகை இசை, இதே வகை ரசிகர்கள். 1976 ஜூனில் டெட்ராய்ட் அருகே பான்டியாக் அரங்கில் 80,000-க்கு நெருக்கமான கூட்டத்துக்கு முன் பாடிய சீகர், மறுநாள் சிகாகோவில் ஆயிரம் பேருக்கும் குறைவான கூட்டத்துக்குப் பாடினார். அந்த வாரம் வரை அவரும் வட்டாரப் பாடகர்தான்.

அதே ஆண்டு வெளிவந்த அவருடைய நேரலை ஆல்பமும், அதைத் தொடர்ந்து ஸ்டுடியோ ஆல்பமும் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோயின. மைக்கேல் ஸ்டான்லி பேண்டும் 1977-ல் நேரலை ஆல்பம் வெளியிட்டது. ஆனால் அதே ஆண்டில் பாடல் எழுதும் இன்னொரு கை, ஜோனா கோஸ்லன், விலகினார். குழுவை மறுபடி கட்ட வேண்டியிருந்தது, கம்பெனியும் மாறியது. சீகருக்குக் கூட்டம் பெருகிய அதே கட்டத்தில், அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் புதிய முகங்களுடன் 1978-ல்தான் வந்தது. இது முழு விளக்கம் ஆகாது. சீகரின் கையில் எல்லா ஊர் நிலையங்களும் ஏற்றுக்கொண்ட ஒரு ஹிட் இருந்தது, இவர்கள் கையில் அந்த நேரத்தில் இல்லை. ஒரு பாடல் போதும், ஆனால் அது இல்லாமல் முடியாது.

இவர்கள் மட்டுமே இப்படி நின்றுபோனவர்கள் அல்ல. பக்கத்துப் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் டானி ஐரிஸ் 1981-ல் 29-வது இடம் வரை வந்தார். அவர் செல்வாக்கும் பெரும்பாலும் தன் வட்டாரத்தோடு நின்றது. கிளீவ்லாந்துக்காரர்கள் என்பதாலேயே கதவு மூடியதா என்றால் அதுவும் இல்லை. ராஸ்பெர்ரீஸ் என்ற கிளீவ்லாந்துக் குழு 1972-லேயே ஐந்தாவது இடம் பிடித்திருக்கிறது.

## கம்பெனி போன பிறகும் தொடர்ந்த வாழ்க்கை

'மை டவுன்' பட்டியலில் இடம்பிடித்தும் இஎம்ஐ அமெரிக்கா ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. 1984-ல் குழுவே ஆல்பத்தை வெளியிட்டது. 1986 இறுதியில் தொடங்கி 1987 தொடக்கம் வரை, கிளீவ்லாந்து புறநகரில் ஃப்ரண்ட் ரோ அரங்கில் 12 இரவுகள் விடைபெறும் கச்சேரி நடத்திக் கலைந்தார்கள்.

வட்டாரப் புகழுக்கும் தேசியப் புகழுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெளிவாகிறது. தேசிய அளவில் ஒரே ஹிட் கொடுத்தவருக்கு அடுத்த ஹிட் இல்லையென்றால் பிழைப்பே கேள்விக்குறி. ஸ்டான்லிக்கு ஒரு நகரமே கையில் இருந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சியான டபிள்யூஜேடபிள்யூவில் 1987 முதல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆனார். 1990-ல் டபிள்யூஎன்சிஎக்ஸ் வானொலியில் மாலை நேர அறிவிப்பாளராகச் சேர்ந்து, 2021 வரை, இறப்பதற்குச் சற்று முன்பு வரை, அதே வேலையில் இருந்தார். முப்பது ஆண்டுகள்! பேண்ட் இருந்த காலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் லைன் லெவல் என்ற பெயரில் சொந்தமாக ஆல்பங்கள், பழைய தோழர்கள் டோபெக், பெலாண்டருடன் கச்சேரிகள். நகர மையத்தில் ஹியூரான் சாலையின் ஒரு பகுதிக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்தார்கள். கடைசி ஆல்பம் அவர் மறைவுக்குப் பின் வந்தது.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் 1995 முதல் அதே கிளீவ்லாந்தில்தான் இருக்கிறது. அதன் கௌரவப் பட்டியலில் மைக்கேல் ஸ்டான்லி பேண்ட் இல்லை. உள்ளூர் ரசிகர்களுக்கு இது தீராத எரிச்சல். அந்த அமைப்பு தேசிய, உலகளாவிய தாக்கத்தை எடை போடுவது என்பதால் எனக்கு இதில் அநியாயம் எதுவும் தெரியவில்லை.

## இன்று இப்படி ஒரு பேண்ட் ஏன் அரிது?

ரசிகர்கள் மாறிவிட்டார்கள் என்பது பாதி உண்மைதான். சட்டமும் மாறியது.

1. மைக்கேல் ஸ்டான்லி பேண்டின் உச்சக் காலத்தில் ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 7 ஏஎம், 7 எஃப்எம் நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. அந்த வரம்பு 1980-களின் நடுவில் 12 ஆனது, பிறகு மேலும் தளர்ந்தது.

2. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் தேசிய வரம்பையே எடுத்துவிட்டது. பெரிய மார்க்கெட்டில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. எந்தப் பாடலை ஒலிபரப்புவது என்ற முடிவு பல இடங்களில் உள்ளூர் அறிவிப்பாளர் கையை விட்டுப் போனது.

3. கச்சேரி ஏற்பாட்டுத் தொழிலிலும் இதுவே நடந்தது. நகரத்துக்கு ஒருவராக இருந்த ஏற்பாட்டாளர்களைத் தேசிய நிறுவனங்கள் விலைக்கு வாங்கின, பெல்கின் நிறுவனமும் அந்த வழியில் போனது. நாடு தழுவிய சுற்றுப்பயணங்களை விற்கும் நிறுவனத்துக்கு ஒரு நகரத்தில் மட்டும் விலைபோகும் பேண்டை ஐந்து வருடம் பொறுமையாக வளர்ப்பதில் லாபம் குறைவு.

4. இணையத்தில் எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற விவரம் இன்று கலைஞருக்கே கிடைக்கிறது. 1979-ல் இது பெல்கினுக்குக் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார். ஆனால் ஒரு நகரத்தின் இளைஞர்கள் எல்லோரும் ஒரே மாலையில் ஒரே பாடலைக் கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஒவ்வொருவர் காதிலும் வேறு வேறு வரிசை ஓடுகிறது.

ரிச்ஃபீல்டு கொலிசியத்தை 1999-ல் இடித்துவிட்டார்கள், அந்த நிலம் இப்போது தேசியப் பூங்காவின் புல்வெளி. பிளாசம் இன்னும் இயங்குகிறது, கோடையில் கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ரா அங்கேதான் வாசிக்கிறது. ராக் கச்சேரிகளும் நடக்கின்றன, பெரும்பாலும் நாடு சுற்றி வரும் குழுக்களுடையவை.